ஆர்மோனியப் பெட்டியும் ஒரு கரகரத்த குரலும்

“ஐயா, உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்?”

ஜொகூர் பாருவில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பின் இடைவேளையில், இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. “எம்.எஸ்.விசுவநாதன்” என்றேன். அவள் சற்றே தயங்கினாள். “அவர் இசையமைப்பாளர் அல்லவா, ஐயா? நான் பாடகரைத்தான் கேட்டேன்” என்றாள். அருகில் நின்ற ஆசிரிய நண்பர் சிரித்துவிட்டார். சௌந்தரராஜனின் கம்பீரமும், சீனிவாசின் குழைவும், சுசீலாவின் தெளிவும், பாலசுப்பிரமணியத்தின் இளமையும் நிறைந்து கிடக்கும் தமிழ்த் திரையிசையில், இந்த மனிதர் போயும் போயும் அந்தக் கரகரத்த குரலையா தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

அன்று மணி அடித்துவிட்டது. அடுத்த உரை தொடங்கிவிட்டது. சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறேன். அதில் ஒரு பாதி இசையைப் பற்றியது. மறு பாதி நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது.

மேலை நாடுகளில் பியானோவின் முன் அமர்ந்து, தாமே மெட்டமைத்துத் தாமே பாடும் கலைஞர் மரபு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் எல்டன் ஜானும் அமெரிக்காவின் பில்லி ஜோயலும் அந்த மரபில் புகழ் பெற்றவர்கள். எல்டன் ஜானுக்குச் சொற்களை எழுதித் தருபவர் பெர்னி டாபின் என்னும் கவிஞர். 1967இல் தொடங்கிய உறவு அது. நம் மொழியில் இதற்கு இணை உண்டா என்று தேடினால், என் மனம் உடனே சென்று நிற்கும் இடம் மெல்லிசை மன்னர்தான். பியானோ இருந்த இடத்தில் ஆர்மோனியம் இருந்தது. டாபின் இருந்த இடத்தில் கண்ணதாசனும் வாலியும் இருந்தார்கள்.

விசுவநாதன் 1928ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கண்ணூரில் பாட்டனாரின் நிழலில் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். பின்னர் ஜூபிடர் படநிறுவனத்தில் எடுபிடி வேலை செய்தவர், எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் கண்ணில் பட்டு, அடுத்து சி.ஆர்.சுப்புராமனின் இசைக்குழுவில் இடம் பெற்றார். 1952இல் சுப்புராமன் மறைந்தபின், டி.கே.இராமமூர்த்தியுடன் இணைந்து 1965 வரை இசையமைத்தார். இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் 1963இல் கிடைத்தது. பிரிவுக்குப் பின்னும் அவர் தனித்து நெடுங்காலம் அரசாண்டார். இவை யாவரும் அறிந்தவை. அவர் எப்போதாவது ஒருமுறை, தாமே ஒலிவாங்கியின் முன் நின்று பாடிய பாடல்களைத்தான் நான் இங்கே எண்ணிப் பார்க்கிறேன்.

என் தந்தையாரும் ஆர்மோனியம் வாசிப்பவர். குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டும் தொழிலாளி அவர். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நின்று, நண்பகல் வரை மரத்துக்கு மரம் நடந்து, மாலையில் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு மாரியம்மன் கோவிலுக்குப் போவார். அங்கே பசனைக் குழுவின் பெட்டி அவர் பொறுப்பு. தோட்டத்தில் ஆர்மோனியம் என்று யாரும் சொல்வதில்லை. ‘பெட்டி’ என்றால் அதுதான். இடக்கை துருத்தியை அசைக்க, வலக்கை கட்டைகளின்மேல் நடக்க, கண்களை மூடிக்கொண்டு அவர் பாடுவார்.

அவருடைய குரல் இனிய குரல் அன்று. ஆண்டுக்கணக்கில் விடியற்பனியை விழுங்கிய தொண்டை அது. மேல் சுருதியில் பிளந்துவிடும். நீட்டி நிறுத்த வேண்டிய இடத்தில் மூச்சு முட்டும். ஆயினும், அவர் பாடும்போது ஒரு சொல்லாவது சிதைந்து நான் கேட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்துக் கேட்பார்கள்.

அவருக்கு மிருதங்கம் வாசித்தவர் என் சிற்றப்பா. அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள். குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அப்பாவிடம் நீல அடையாள அட்டை இருந்தது. சிற்றப்பாவிடம் இருந்ததோ சிவப்பு அட்டை. 1970இல் சிற்றப்பா தமிழகத்துக்குத் திரும்பினார். பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் துறைமுகம் வரை சென்று, ‘ரஜூலா’ கப்பலில் அவரை ஏற்றிவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குப்பின் பல திங்கள் வரை பெட்டி திறக்கப்படவில்லை.

அதை மீண்டும் திறக்க வைத்தது விசுவநாதனின் குரல். 1971இல் சோ இராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ படம் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் இறைவனை அல்லாவென்று போற்றும் பாடல் ஒன்று உண்டு. வாலி எழுதியது, விசுவநாதன் பாடியது. இந்திய முஸ்லிம் அன்பர் ஒருவரின் உணவுக்கடையில், வானொலியில் அந்தப் பாடல் ஒலித்தபோது, அப்பா கையிலெடுத்த தேநீரைக் குடிக்க மறந்தார். “யார் பாடுவது?” என்று கேட்டார். கடைக்காரர் பெயரைச் சொன்னதும், “பெட்டி வாசிப்பவரா? அவரா பாடுகிறார்?” என்று வியந்தார். அன்று மாலை, எட்டுத் திங்களாக மூடிக்கிடந்த பெட்டி திறந்தது. கிருட்டிணனைப் பாடிய வாய் அல்லாவையும் அதே உருக்கத்தோடு பாடுகிறதே என்று நான் வியந்தேன். அப்பாவின் வியப்பு வேறு. பெட்டி வாசிப்பவன் மற்றவர் பாடத் துணைநிற்பவன் மட்டும் அல்லன். அவனுக்கும் பாட உரிமை உண்டு என்பதை அவர் அன்று கண்டுகொண்டார்.

ஆர்மோனியத்துக்கே நெடுங்காலம் அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்தது என்பதை நான் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். நம் இசைக்குரிய கமகங்களை அதன் அசையாத கட்டைகள் தாரா என்று கூறி, அகில இந்திய வானொலி 1940இல் அதனைத் தடை செய்தது. 1971இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. ஆனால், அந்தத் தடைக்காலம் முழுவதும் மக்கள் கேட்டு மகிழ்ந்த திரைப்பாடல்களில் எத்தனையோ பாடல்கள் அதே பெட்டியின் கட்டைகளின்மேல்தான் பிறந்தன! வாயிலில் நிறுத்தப்பட்ட கருவி, பாட்டாக உருமாறிப் பின்வழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

1974இல் ‘அக்கரைப் பச்சை’ வந்தது. அதன் தலைப்பையே பொருளாகக் கொண்ட பாடலை விசுவநாதன் பாடினார். இருக்கும் கரையை விட்டு எதிர்க்கரையை ஏங்கிப் பார்க்கும் மனித மனத்தைப் பற்றிய பாட்டு அது. ஜொகூரில் வாழ்பவனுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. தெப்ராவ் நீரிணையின் இக்கரையில் நின்றால் அக்கரையில் சிங்கப்பூர் தெரியும். இடையே 1924இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்! ஆயினும் அப்பாவுக்கு ‘அக்கரை’ என்பது சிங்கப்பூர் அன்று. அவர் தம்பி போய்ச் சேர்ந்த கரை அது. சிற்றப்பாவின் கடிதங்களில் இந்த மண்ணின் மழையைப் பற்றியே எழுதியிருக்கும். அப்பா சொல்ல நான் எழுதிய மறுமொழிகளில் அந்த மண்ணின் கோவில் திருவிழாவைப் பற்றியே கேட்டிருக்கும். இருவருக்கும் எதிர்க்கரையே பச்சையாக இருந்தது. அந்தப் பாட்டை அப்பா பெட்டியில் மெல்ல மெல்லப் பிடித்துப் பாடக் கற்றார். விசுவநாதனின் குரல் ஏறமுடியாமல் தவிக்கும் இடத்தில் அப்பாவின் குரலும் தவிக்கும். அந்தத் தவிப்புத்தான் அங்கே இசை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

தெரியாமற் போனதன் விளைவைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியனானேன். 1978இல் எனக்குத் திருமணம் நடந்தது. மாலை வரவேற்புக்குப் பட்டணத்திலிருந்து இசைக்குழு வந்திருந்தது. மின்கிட்டார், டிரம்ஸ், பளபளக்கும் உடைகள்! உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே, அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். மகனை வாழ்த்தி ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு முகம் சிவந்தது. முன்வரிசையைப் பார்த்தேன். பிளக்கப்போகும் அந்தக் குரலை நினைத்தேன். குனிந்து, “வேண்டாம் அப்பா. பாடுவதற்குத்தான் ஆள் வந்திருக்கிறார்களே” என்றேன்.

“சரி தம்பி” என்றார். பாதி திறந்த பெட்டியைத் தாழிட்டுக்கொண்டு கீழே இறங்கினார். சினமும் இல்லை, வருத்தம் காட்டவும் இல்லை. ஆனால், அன்று தாழிட்ட பெட்டியை அவர் மீண்டும் திறக்கவே இல்லை. பசனைக்கும் போவதை நிறுத்திக்கொண்டார். கேட்டவர்களிடம், “தொண்டை சரியில்லை” என்றார்.

மறு ஆண்டு, 1979இல், ‘நினைத்தாலே இனிக்கும்’ வெளிவந்தது. பாலசந்தரின் இயக்கம், சுஜாதாவின் கதை, பாடல்கள் எல்லாம் கண்ணதாசன். படத்தின் பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது என்பதால், பாலத்துக்கு இப்பக்கம் இருந்த எங்களுக்கு அது சொந்த ஊர்ப்படம் போலிருந்தது. அறிந்த தெருக்களைத் திரையில் கண்டு மக்கள் ஆரவாரம் செய்தனர். நான் அப்பாவையும் மனைவியையும் அழைத்துச் சென்றிருந்தேன். பாலசுப்பிரமணியத்தின் தேன்குரல் பாட்டுக்குப் பாட்டு பொழிந்துகொண்டிருந்தது. திடீரென, சிவனை விளித்து, உலகத்தின் போக்கை எள்ளி நகையாடும் ஒரு பாட்டு. திரையில் இரசினிகாந்த், குரலோ விசுவநாதனுடையது. கரடுமுரடான, கட்டுக்கடங்காத, தொண்டையின் அடியிலிருந்து கிளம்பும் குரல். அரங்கமே எழுந்து நின்று கைதட்டிற்று.

அப்பா என் பக்கம் திரும்பினார். “இந்தக் குரலையும் பாட விடுகிறார்களே, தம்பி” என்றார்.

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. வியந்துதான் சொன்னார். அதனால்தான் அது என்னைச் சுட்டது. இருட்டு என் முகத்தை மறைத்தது. மறுமொழி சொல்ல நாவெழவில்லை. வெளியே வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். தீபாவளிக்குச் சொல்லலாம், பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று ஏழாண்டுகள் நினைத்தேன். 1986இல் அப்பா மறைந்தார்.

விசுவநாதன் பாடியவற்றுள் இன்று எனக்கு நெஞ்சில் நெருக்கமான பாட்டு எது என்றால், 1973இல் வந்த ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ படத்தின் தலைப்புப் பாடலைச் சொல்வேன். ஜானகியோடு சேர்ந்து அவர் பாடியது, வாலியின் சொற்கள். காதலைப் பற்றிய பாட்டுத்தான். சொல்ல எண்ணியும் சொல்ல முடியாமல் நிற்கும் ஒரு நெஞ்சம் அதில் இருக்கிறது. பயின்ற பாடகர் ஒருவர் பாடியிருந்தால், சொல்ல முடியாத தவிப்பையும் அழகாகச் சொல்லியிருப்பார். இவர் குரலிலோ தயக்கம் தயக்கமாகவே நிற்கிறது. காதலருக்குரிய அந்தப் பாட்டு, மன்னிப்புக் கேட்கத் தவறிய ஒரு மகனுக்கும் உரியதாகிவிட்டது.

இந்த இடத்தில், தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விழைகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை அடிகள் வரிசைப்படுத்துகிறார். இசையாசிரியனுக்கு உரிய தகுதிகளுள் ஒன்று, கவிஞனின் குறிப்பை உணர்தல். விசுவநாதனிடம் அந்தத் தகுதி நிறைந்திருந்தது. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழ்ச் சொல் தெளிவாகச் செவியில் விழ வேண்டும் என்பதில் கண்ணாயிருந்தார். அவர் மெட்டு சொல்லின்மேல் ஏறி அமர்வதில்லை. சொல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும். செயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977இல் திரைக்கு வந்தபோது, செயகாந்தனே எழுதிய பாடல் ஒன்றை விசுவநாதன் பாடினார். கண்டதைக் கண்டபடி சொல்லும் எழுத்தாளனின் வாக்குமூலம் அது. மெருகேறிய குரல் பாடியிருந்தால் அந்த வாக்குமூலம் வெறும் பாட்டாகியிருக்கும். இவர் பாடியதால் பேச்சாக நின்றது, நம்ப முடிந்தது.

1981இல் கண்ணதாசன் சிகாகோவில் மறைந்தார். காலம் மாறியது, இளையராசா வந்தார், இரகுமான் வந்தார். மெல்லிசை மன்னரின் ஆட்சி முடிந்தது என்றே பலரும் எண்ணினர். 2002இல், மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், ஈழத்து மக்கள் தம் மண்ணை விட்டுப் பிரியும் பாடலுக்கு இரகுமானுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. இளம் வயதில் விசுவநாதனின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் அவர். வைரமுத்துவின் சொற்களைப் பாடிய பல குரல்களிடையே, எழுபதைக் கடந்த விசுவநாதனின் குரலும் எழுந்தது.

அந்தப் பாடல் வந்தபோது நான் வீட்டில் தனியே இருந்தேன். திரையில் நடப்பவர்கள் ஈழத்தமிழர். என் கண்முன் நின்றதோ 1970இன் சிங்கப்பூர்த் துறைமுகம். கப்பலின் மேற்தட்டில் சிற்றப்பா நிற்கிறார். கீழே அப்பா நிற்கிறார். இருவரும் கையசைக்கவில்லை. நாட்டைப் பிரிகின்றவனின் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடைத்த தொண்டையால் இனிமையாகப் பாட இயலாது. இதை உணர்ந்துதான் அந்த இளைய இசையமைப்பாளர் முதிய குரலைத் தேடிச் சென்றார் போலும். நான் கேட்க மறுத்த குரலின் அருமையை, அவர் கேட்டு வாங்கி உலகுக்கு அளித்தார்.

விசுவநாதன் 2015ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் சென்னையில் மறைந்தார். செய்தி வந்த இரவு, அலமாரியின் மேலிருந்த அப்பாவின் பெட்டியை இறக்கினேன். துருத்தியின் தோல் பலவிடங்களில் கிழிந்திருந்தது. கட்டையை அழுத்தினால் காற்றுத்தான் வந்தது. செப்பனிட ஆள் தேடிச் சிங்கப்பூர் வரை சென்றேன். இப்போது ஒலிக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது, பேரன் கற்றுக்கொள்கிறான்.

குழலும் யாழும் இனியவை என்பவர், தம் மக்களின் மழலையைக் கேளாதவர் என்றார் வள்ளுவர். பெற்றோருக்கு அவர் சொன்ன அந்த உண்மையைப் பிள்ளைகளுக்கும் திருப்பிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. இசைக்குழு இனிது என்று எண்ணியவன், தன் தந்தையின் குரலைக் கேட்கத் தெரியாதவன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தமிழ்நாட்டு அரசு 1970இல் தன் விழாக்களுக்கு உரியதாக்கியது. அதற்கு மெட்டமைத்தவரும் விசுவநாதன்தான். மோகன இராகம்; ஐந்தே சுரங்கள். இசை பயிலாதவரும் பாட முடிந்த எளிய மெட்டு. வாழ்த்துப் பாடுவது குரல்வளம் பெற்றவர்களின் தனியுரிமை அன்று என்று அந்த மெட்டே சொல்வதாக எனக்குப் படுகிறது. என் பணியின் முதல் பத்தாண்டுகளில், குரல் பிசகும் பிள்ளைகளைப் பாடற்குழுவின் பின்வரிசையில் நிறுத்தி, “வாயை மட்டும் அசை” என்று சொன்னவன் நான். அப்பாவின் மறைவுக்குப் பின் அப்படி எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. பரிசுகள் சில குறைந்தன. அதனால் பள்ளிக்கு ஒரு தாழ்வும் வந்துவிடவில்லை.

அன்புள்ள மாணவியே, எனக்குப் பிடித்த பாடகர் யார் என்று கேட்டாய். சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும், உன் தந்தையையோ பாட்டியையோ ஒரு பாட்டுப் பாடச் சொல். குரல் பிளந்தாலும் குறுக்கிடாதே. முடியும் வரை கேள்.